கண்ணில் பறக்கும் பூச்சி: எந்தப் படத்தில் பிடிபடும்?

கேள்வி: வயது 52. இரண்டு மாதமாக வலது கண்ணில் கொசு பறப்பது போலவும் நூலிழை ஆடுவது போலவும் தெரிகிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், விழித்திரையில் கிழிசல் இல்லை என்றார். விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் போட்டோவிலும் ஒன்றும் இல்லை. இதைப் படம் எடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஃபண்டஸ் கேமரா விழித்திரைமேல் ஃபோக்கஸ் செய்கிறது. உங்கள் பூச்சியோ அதற்கு முன்னால், விட்ரியஸ் என்னும் கூழுக்குள் மிதக்கிறது. நீங்கள் காண்பது அது விழித்திரையில் போடும் நிழலை. அதனால் கேமராவில் அது மங்கலான கறையாகக் கரைந்துவிடும். ஃபோக்கஸை முன்னுக்கு நகர்த்தி இன்னொரு படம் எடுக்கச் சொன்னால், பார்வை நரம்பின் முன் மிதக்கும் வைஸ் வளையம் போன்ற பெரியவை தெளிவாக விழும். உங்கள் வயதில் கூழ் விழித்திரையிலிருந்து பிரிவது சகஜம். அப்போது உருவாவதுதான் இந்த வளையம்.

என் முதல் தேர்வு, ஒலி அலையால் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்ட். மூடிய இமைமேல் ஜெல் தடவி 10 மெகாஹெர்ட்ஸ் புரோபை (ஒலி அனுப்பும் கருவிமுனை) வைப்பார்கள். கண் பாப்பாவை (கருவிழியின் நடுத்துளை) சொட்டு மருந்தால் விரிக்க வேண்டியதில்லை. கெயினை, அதாவது திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, சுமார் 90 டெசிபலுக்கு ஏற்றாவிட்டால் மெல்லிய இழைகள் திரையில் வராது. ‘ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட் பலருக்கு வருவது இதனால்தான். ஏற்றினால் இரைச்சல் எனப்படும் போலிப் புள்ளிகளும் சேர்ந்து வரும். பிரித்தறிய, கண்ணை இடமும் வலமும் உருட்டி நிறுத்தச் சொல்வார்கள். உண்மையான மிதவை கண் நின்ற பிறகும் ஒரு கணம் ஊசலாடும், இரைச்சல் அப்படி ஆடாது. ஆகவே அசையாத படம் போதாது, வீடியோவாகப் பதியச் சொல்லுங்கள்.

அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் லேசர் ஸ்கேன் வீடியோ, விழித்திரைமேல் நகரும் நிழலையே காட்டும். நீங்கள் உணர்வதற்கு மிக அருகில் வரும் பதிவு இதுதான். ஓசிடி என்னும் ஒளி ஸ்கேன் விழித்திரையை ஒட்டிய சில மில்லிமீட்டரைத்தான் பார்க்கும். கூழ் மாக்குலாவிலிருந்து (விழித்திரையின் மையப் பகுதி) பிரிந்துவிட்டதா, இன்னும் இழுக்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல சோதனை இல்லை. பூச்சியைத் தேட அது கருவியல்ல. நடுக்கூழில் மிதப்பதை 90 டி லென்ஸுடன் ஸ்லிட் லாம்பில் (கண் மருத்துவரின் ஒளி நுண்ணோக்கி) பார்க்கலாம். அதற்குச் சொட்டு மருந்து வேண்டும், 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள்.

விழித்திரையை மிக ஒட்டிய நுண்ணிழைகள் எதிலும் சிக்காமல் போகலாம். நிழல் கூர்மையாக விழுவதால் தொல்லை மட்டும் அதிகமாக இருக்கும். படத்தில் இல்லை என்பதால் உங்கள் தொல்லை பொய்யாகாது.

வீட்டில் நீங்களும் பதிவு செய்யலாம். வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியைப் பார்த்தபடி தெரிவதை வரையுங்கள். தேதியும் எந்தக் கண் என்பதும் எழுதுங்கள். மாதம் ஒரு படம் போதும். காண்பது தலைகீழ் என்பதால், மேலே தெரிவது கண்ணுக்குள் கீழ்ப்பகுதியில் இருக்கும். மருத்துவருக்கு இந்தக் குறிப்பு தேடும் நேரத்தை மிச்சமாக்கும்.

புள்ளிகள் திடீரென மழைபோலப் பெருகினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ ஸ்கேனுக்கு நாள் பார்க்காதீர்கள். விழித்திரையின் ஓரத்துக் கிழிசலை இந்தப் படங்கள் தவறவிடக்கூடும். பாப்பாவை விரித்து, கண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்க்கும் பரிசோதனையை அன்றே செய்துகொள்ள வேண்டும்.