காட்டுத்தீயின் கடுமை என்றால் என்ன? காடு மீள்வதை அது எப்படித் தீர்மானிக்கிறது?

சுடர் எவ்வளவு உயரம் எழுந்தது என்பதல்ல கடுமை. தீ போன பிறகு செடிகொடியிலும் மண்ணிலும் என்ன மிச்சம் என்பதுதான். இஸ்திரிப் பெட்டி துணிமேல் ஓடிக்கொண்டே இருந்தால் சுருக்கம் மட்டும் போகும். ஒரே இடத்தில் நின்றால் துணி பொசுங்கும். அதே கதைதான்.

மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சருகையும் புல்லையும் மேய்ந்துவிட்டு ஓடும் தீ, மேல்மண்ணில் சில சென்டிமீட்டரைத் தாண்டிச் சுடுவதில்லை. கீழே வேரும் விதையும் பத்திரம். மழை பெய்ததும் துளிர்க்கும். ஆனால் விழுந்து கிடக்கும் பெருமரம் மணிக்கணக்கில் கனன்றால், அதனடியில் வேர், விதை, பூஞ்சை எல்லாம் வெந்துபோகும். சில இடங்களில் மண் தண்ணீரை உறிஞ்சவே மறுக்கும். மழைநீர் மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு போகும். அப்புறம் விதை வெளியிலிருந்துதான் வரவேண்டும். பிழைத்த மரம் தொலைவில் என்றால் பல பத்தாண்டுகள் புதர்தான்.

விதிவிலக்கும் உண்டு. 1988-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா எரிந்தபோது, பிசின் பூட்டிய பைன் மரத்தின் விதைக்கூம்புகள் சூட்டில் திறந்து விதை கொட்டின.

தரை கறுத்திருந்தால் மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பு என்றால் பாதிதான் எரிந்திருக்கிறது, வெளுத்த சாம்பலும் செங்கல் நிற மண்ணும்தான் ஆழமாக வெந்ததற்கு அடையாளம்.