பாஸ்கா திரியும் கடற்காற்றும்

அன்புள்ள ஐயா,

குருவுக்கு அடுத்த நிலையான திருத்தொண்டராகி மூன்று மாதம் ஆகிறது. கடலூரில் கடற்கரையை ஒட்டிய ஒரு பங்கில் பணி. இந்த ஆண்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுத்திரியை ஏந்துவதும், அதைப் போற்றும் நீண்ட புகழுரையைப் பாடுவதும் என் பொறுப்பு. போன வருடம் கோயில் வாசலிலேயே திரி அணைந்து, லைட்டரால் பற்றவைத்தார்களாம். சனங்கள் இன்னும் அதைச் சொல்கிறார்கள். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

திருத்தொண்டர், கடலூர்

அன்புள்ள சகோதரருக்கு,

திரி அணைந்ததில் குற்றமில்லை, காற்று அப்படி. லைட்டரை எடுத்ததுதான் மனசுக்குக் கஷ்டம். அந்தச் சுடர் மந்திரித்த புது நெருப்பிலிருந்து வந்தது என்பதற்காகத்தானே ஊரே இருட்டில் நிற்கிறது! பாஸ்கா திரியை ஏற்றிய கையோடு அதே நெருப்பில் ஒரு அரிக்கேன் விளக்கையும் ஏற்றச் சொல்லுங்கள். விளக்கின் சுடரைத் தாழ்த்தி, குருவுக்குப் பின்னால் ஒரு பெரிய பையன் அதைக் கொண்டுவரட்டும். நடுவில் அணைந்தால் அதிலிருந்து ஏற்றிக்கொண்டு அமைதியாகத் தொடருங்கள்.

அணைவதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. புதுத் திரியின் நூல் மெழுகு குடித்திருக்காது. சரசரவென்று எரிந்து, மெழுகு உருகுவதற்குள் கருகிவிடும். சனிக்கிழமை காலையிலேயே நூலின் மேல் உருக்கிய மெழுகைச் சொட்டவிட்டு உலர விடுங்கள். திரியில் பதிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகளுக்கான துளைகளையும் அப்போதே காய்ச்சிய ஊசியால் போட்டுவிடலாம். இரவில் அழுத்திக் குத்தினால் மெழுகு விரிசல் விடும். திரியைத் தகரக் கூரைக்கடியில் நிறுத்தி வைக்காதீர்கள், பங்குனிச் சூட்டில் வளைந்துவிடும்.

நெருப்பைக் கடல் பக்கம் சுவர் மறைக்கிற இடத்தில் மூட்டுங்கள். கொட்டாங்குச்சியும் தேங்காய் நாரும் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், குபீரென்று எழும்பினால் பாலியஸ்டர் அங்கி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தூபக்கலசத்துக்கான தணலை இந்த நெருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஆகவே கரி கனிய நேரம் விட்டு மூட்டுங்கள்.

கோயிலுக்குள் எதிரி மின்விசிறி. பக்கவாட்டுக் கதவுகளைச் சாத்தி, விசிறிகளை நிறுத்தி, சுவிட்சுப் பலகை அருகே ஒருவரை நிற்க வையுங்கள். புகழுரை முடிந்து சனங்கள் கைத்திரியை அணைக்கும் வரை புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்று அங்குலப் பருமனும் மூன்றடி உயரமும் உள்ள திரி நாலு கிலோ வரும். ஒரு கை அடியில், ஒரு கை நெஞ்சளவில். சாய்த்தால் தேங்கிய மெழுகு மணிக்கட்டில் கொட்டும். 'கிறிஸ்துவின் ஒளி இதோ' என்பதை வாசலில் ஒருமுறை, கோயில் நடுவில் ஒருமுறை, பீடத்துக்கு முன் சனங்களைப் பார்த்துத் திரும்பி ஒருமுறை பாடுவீர்கள். ஒவ்வொரு முறையும் சுதி ஏற வேண்டும் என்பதால் முதலில் தாழ்ந்தே எடுங்கள். முதல் முறைக்குப் பிறகு குருவின் திரி மட்டும் எரியும்; சனங்களின் திரிகள் இரண்டாவதற்குப் பிறகுதான். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வாசலிலேயே எல்லாரும் முண்டியடிப்பார்கள். எரிகிற திரி நேராக நிற்க, அணைந்த திரிதான் சாய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் மெழுகு அடுத்தவர் புடவையில்தான் சொட்டும்.

மூன்றாவது முறைக்குப் பிறகு கோயில் விளக்குகளைப் போடலாம் என்கிறது திருப்பலி நூல். பீடத் திரிகளுக்கு மட்டும் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதம் வரை காத்திருக்க வேண்டும். பல பங்குகளில் மின்விளக்கையும் அதுவரை போடுவதில்லை. பங்குத்தந்தையிடம் கேட்டு முடிவு செய்து, அதைச் சுவிட்சுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், புகழுரையைத் திரிகளின் வெளிச்சத்தில் மட்டுமே கேட்க வேண்டும்.

புகழுரைக்கு முன் குருவிடம் ஆசீர் பெற்று, புகழுரைப் புத்தகத்துக்கும் திரிக்கும் தூபம் காட்டுங்கள். உச்ச சுரம் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சுதி வையுங்கள். தவக்காலம் முழுக்கத் தினமும் ஒரு பத்தி பாடினால் அந்த இரவில் புத்தகம் வெறும் துணைக்குத்தான். மூச்சு போதாதென்றால் குறுகிய வடிவம் இருக்கிறது. அதில் தேனீக்களின் உழைப்பைச் சொல்கிற வரியை விழுங்கிவிடாதீர்கள். வேம்பும் புங்கும் பூக்கிற பருவம், நம்மூர்த் தேனீக்களும் அப்போது ஓயாமல் அலைகின்றன. எண்ணெய் ஊற்றுகிற பிளாஸ்டிக் குழாய்த் திரிகள் விற்கின்றன, தவிர்த்துவிடுங்கள். பாஸ்கா திரி மெழுகாலானதாக, ஆண்டுதோறும் புதியதாக இருக்க வேண்டும் என்று 1988-இல் உரோமை வெளியிட்ட சுற்றுமடல் தெளிவாகச் சொல்கிறது.

நற்செய்தி வாசிக்கும்போது தூபம் உண்டு, பவனித் திரிகள் கிடையாது. கடைசியில் சனங்களை அனுப்பிவைக்கும் வரியில் இரண்டு அல்லேலூயாவைச் சேர்த்துப் பாடுங்கள். உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாளான எண்கிழமை முழுவதும் அப்படியே, பிறகு பாஸ்கா காலம் முடிகிற பெந்தகோஸ்தே அன்று.

அடுத்த வாரம் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போவீர்கள். 'சாமி, எண்ணெய் பூசிட்டுப் போங்க' என்று நிச்சயம் கேட்பார்கள். அது குருவுக்கு மட்டும் உரியது. தட்டிக்கழிக்காமல், அந்த வீட்டு வாசலில் நின்றே பங்குத்தந்தைக்குப் போன் போட்டு, எப்போது வருவார் என்று கேட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஞாயிறு காலைத் திருப்பலிக்கு முன் திரியின் கருகிய நுனியை ஒரு சென்டிமீட்டர் விட்டுக் கத்தரியுங்கள். பெந்தகோஸ்தே வரை அது எரிய வேண்டும்.