மின்சாரம் பாய்ஞ்சா மறையுற மனுஷன்

கேள்வி: காமிக்ஸ் ஹீரோ இரும்புக்கை மாயாவியை அந்தக்கால ஆளுங்க இவ்ளோ கொண்டாடுறீங்களே, அப்படி என்னதான் இருக்கு? சக்திமான் பார்த்து வளர்ந்த எனக்குப் புரியவே இல்ல. - வாசகி, மதுரை

பதில்: சக்திமானும் எனக்குப் பிடிக்கும்மா, 1997-ல தூர்தர்ஷன்ல வந்தப்போ வீட்டுப் பசங்களோட நானும் உக்காந்து பாத்திருக்கேன். ஆனா மாயாவி வேற. 1972-ல சிவகாசில இருந்து முத்து காமிக்ஸ் வந்தப்போ முதல் இதழே அவர்தான். உடம்புல கரண்ட் பாய்ஞ்சா ஆள் மறைஞ்சிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியும், கொஞ்ச நேரத்துல சக்தி தீந்துடும், திரும்ப எங்கயாவது பிளக் பாயிண்ட் தேடி ஓடணும், அந்தப் பதட்டத்துலயே பக்கம் பக்கமா புரட்டிட்டுப் போவோம். பிரிட்டன்ல 1962-ல வேலியன்ட் பத்திரிகைல ஆரம்பிச்ச கதை அது, முதல்ல அவர் கெட்டவராதான் இருந்தார், அப்புறம்தான் உளவுத்துறைல சேர்ந்தார். ஸ்பெயின்காரர் பிளாஸ்கோ வரைஞ்ச கறுப்பு வெள்ளைப் படங்கள்ல நிழல் விழுற அழகு இருக்கே, அதை இன்னிக்கும் விரல் வச்சுத் தடவிப் பாக்குறேன். மறுபதிப்பு கிடைச்சா ஒண்ணு வாங்கி, ராத்திரில படிங்க.