நீராலை யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய நீராலைகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருந்தேன். அண்மையில் அப்படி ஒன்றை நேரிலும் பார்த்தேன். இப்போது அது யாரோ குடியிருக்கும் வீடு. ஓடைக்கரையில் சக்கரம் மட்டும் பாசி பிடித்து நிற்கிறது, உள்ளே அரைக்கும் கல் எதுவும் இல்லை. ஊருக்கே பொதுவாக இருந்து எல்லோருக்கும் மாவரைத்துக் கொடுத்த இடம் தனியார் வீடாகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. நீராவி எந்திரம் வந்து இதையெல்லாம் முடித்துவிட்டது, இல்லையா? அந்தக் கற்கள் எங்கே போயிருக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

‘ஊருக்குப் பொது’ என்கிறீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இடைக்காலத்தில் பெரும்பாலான நீராலைகள் நிலப்பிரபுவுக்கோ மடாலயத்துக்கோ சொந்தம். மன்னர் நாட்டின் நிலத்தையும் சொத்தையும் எண்ணி எழுதவைத்த 1086-இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பில் சுமார் 6,000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. காற்றாலை இங்கிலாந்துக்கு வந்ததே அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்துத்தான் என்பதால், இவை தண்ணீரில் ஓடியவை என்றே கொள்ளலாம். மன்னரின் ஆட்கள் ஏன் ஆலைகளை எண்ணினார்கள்? ஒவ்வொன்றும் வருமானம். சில ஆலைகளின் குத்தகை விலாங்கு மீன்களாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆலைக்குத் தேக்கிய நீரில் விலாங்குக்குப் பஞ்சமில்லை.

குடியானவர் தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். கூலியாகத் தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். பதினாறில் ஒன்று என்பது பரவலான வழக்கம், இடத்துக்கு இடம் மாறும். ஆலைக்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்ற புகாரும் கூடவே இருந்தது. சரி, வீட்டுத் திரிகையில் அரைத்துக்கொள்ளலாமே என்றால், பல இடங்களில் அதுவே குற்றம்.

செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1330-களில் அங்கே தலைவராக இருந்தவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. கணிதமும் வானியலும் கற்றவர், மடாலயத்துக்கு ஒரு பெரிய எந்திரக் கடிகாரத்தை வடிவமைத்தவர். பல்சக்கரங்களை அவ்வளவு நன்றாக அறிந்த அந்த மனிதர் ஊராரின் திரிகைகளைப் பறிமுதல் செய்தார். செய்ததோடு விடவில்லை, அந்தக் கற்களை மடாலயத்தின் கூடத்துக்குத் தளமாகப் பதித்தார். ஊரார் அதை மறக்கவில்லை. 1381-இல் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தபோது உள்ளே புகுந்து தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, தேவாலயத்தில் ரொட்டி பகிர்வதுபோல ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் கோபம்! பாசி படிந்த சக்கரத்தைப் படம் பிடிக்கிற யாருக்கும் இது தெரியாது.

ஆனால் அந்த எந்திரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சக்கரம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுகூடச் சுற்றாது. பல்சக்கரங்கள் வழியாக அது மேல்கல்லுக்குப் போகும்போது வேகம் நூறைத் தாண்டிவிடும். கல்லோடு சேர்ந்து சுழலும் ஒரு தண்டு, தானியம் விழும் சாய்வான தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். கல் வேகமெடுத்தால் தட்டலும் வேகமாகும், தானியமும் அதிகம் விழும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. தானியம் தீரப்போகிறது என்று சொல்ல ஒரு மணியும் இருக்கும். கல்லோடு கல் உரசினால் பொறி பறக்கும், மாவுத்தூள் நிறைந்த அறையில் அது ஆபத்து. இரும்புச் சக்கரத்தோடு மரப்பற்களைச் சேர்ப்பதற்கும் அது ஒரு காரணம். பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் மாதிரிகளை வைத்துச் சோதித்து 1759-இல் வெளியிட்ட முடிவு: மேலிருந்து நீர் விழும் சக்கரம் நீரின் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைப் பயன்படுத்தும், அடியில் நீர் மோதும் சக்கரம் அதில் பாதியைத்தான்.

நீராவி விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் 1786-இல் ஆல்பியன் ஆலை நீராவியில் ஓடத் தொடங்கியது. 1791-இல் அது எரிந்தபோது மற்ற ஆலைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். கிராம நீராலைகளோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடின. அவற்றை உண்மையில் வீழ்த்தியது 1870, 80-களில் பரவிய, கல்லுக்குப் பதிலாக அரைக்கும் எஃகு உருளைகள். அவை கோதுமையின் முளையைத் தனியே பிரித்துவிடும். முளையில் எண்ணெய் உண்டு. அது போனதும் மாவு சீக்கிரம் சிக்கடிக்காது, வெள்ளையாகவும் இருக்கும். கடல் கடந்து வந்த கடினக் கோதுமைக்கும் உருளையே பொருத்தம். தானியம் துறைமுகத்தில் இறங்கியது, பெரிய ஆலைகளும் அங்கேயே எழுந்தன. கிராமத்து ஆலைக்கு மிஞ்சியது மாட்டுத்தீவனம் அரைக்கிற வேலை. அதுவும் போன பிறகு கட்டடம் விலைக்கு வந்தது.

கற்கள்? பெரும்பாலும் அதிக தூரம் போயிருக்காது. எடை அப்படி. வாசற்படியாகவோ தோட்டத்து மேசையாகவோ கிடக்கும். அடுத்த முறை போனால் தரையைப் பாருங்கள். வட்டக்கல்லில் வரிசை வரிசையாக நேர்க்கோட்டுப் பள்ளங்கள் கொத்தியிருந்தால் அதுதான். ஒரே கல்லாக இல்லாமல், துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தால், அநேகமாகப் பிரான்சிலிருந்து வந்த கல். நல்ல வெள்ளை மாவுக்கு அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.