பழைய போட்டோஷாப்பை அழித்துவிடலாமா?

கேள்வி: அண்ணே, உச்சிப்புளியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக போட்டோஷாப் சிஎஸ்6தான். இப்போது சந்தா கட்டிப் புதியது போடப் போகிறேன். "பழையதைத் தூக்கிவிட்டுப் போடுங்கள், இரண்டும் இருந்தால் சிஸ்டம் படுத்துவிடும்" என்கிறார் சர்வீஸ்காரர். தூக்கிவிடவா?
– உச்சிப்புளி வாசகர்

பதில்: தூக்காதீர்கள். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் தாராளமாக இருக்கலாம். ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று ஒரு ஃபோல்டர், தனி செட்டிங்ஸ் வைத்துக்கொள்ளும். திறக்காமல் கிடக்கும் புரோகிராம் ஹார்ட் டிஸ்கில் சில ஜிபி இடம் பிடிக்கும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால்தான் ராம் திணறும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். கீழக்கரையில் என் ஸ்டூடியோவுக்குப் பாதி வருமானம் பாஸ்போர்ட், விசா போட்டோதான். 35க்கு 45 மில்லிமீட்டர் படம், 4க்கு 6 இஞ்ச் தாளில் எட்டு. இதற்கென ஓர் ஆக்‌ஷன் எழுதி வைத்திருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் முகத்தில் உள்ள நாய்ஸை, அதாவது புள்ளிப் புள்ளியாகத் தெரியும் மாசை, குறைத்து, வெட்டி, எட்டையும் அடுக்கிவிடும். ஒருநாள் ராத்திரி புதிய பதிப்புக்கு மாறினேன். இன்ஸ்டால் ஆகும் முன் வந்த பெட்டியைப் படிக்கவில்லை. பழைய பதிப்பு போய்விட்டது. காலையில் ஒரு தம்பி பையும் கையுமாக வந்து நிற்கிறார், மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆக்‌ஷனை ஓட்டினால் முதல் படியிலேயே நின்றது. அந்த நாய்ஸ் ஃபில்டர் இல்லை என்று ஒரு செய்தி. ஆக்‌ஷன் புதியதற்கு வந்துவிட்டது, அது கூப்பிடும் பிளக்இன், அதாவது போட்டோஷாப்போடு சேர்த்துப் போடும் துணைப் புரோகிராம், பழைய ஃபோல்டரோடு அழிந்துவிட்டது. எட்டுப் படத்தையும் கையால் அடுக்கிக் கொடுத்தேன். அந்தத் தம்பிக்குப் பஸ் போய்விட்டது. இன்றுவரை மனசை உறுத்துகிறது.

அதனால் இன்ஸ்டால் பட்டனை அழுத்தியதும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய பதிப்புகளை நீக்கு என்பதற்கு எதிரே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய செட்டிங்ஸைக் கொண்டுவா என்ற டிக் இருக்கட்டும்.

ஆக்‌ஷன்களை அதற்கு முன்பே தனியாகச் சேமித்துவிடுங்கள். ஆக்‌ஷன்ஸ் பேனல் மெனுவில் சேவ் ஆக்‌ஷன்ஸ் மங்கலாகத் தெரிகிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தனி ஆக்‌ஷனைத் தொட்டிருந்தால் அப்படித்தான் மங்கியிருக்கும். அது இருக்கும் செட்டை, அந்த ஃபோல்டர் படத்தை, ஒரு தட்டுத் தட்டுங்கள், எழுத்து தெளிந்துவிடும். பிளக்இன்களை அவற்றின் சொந்த இன்ஸ்டாலரை ஓட்டிப் புதியதில் மறுபடி போட வேண்டும். 32 பிட் பிளக்இன் 64 பிட் போட்டோஷாப்பில் ஏறவே ஏறாது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அதற்காகவே பழையது வேண்டும்.

அழித்தால் திரும்பக் கிடைக்கும் என்றும் நம்பாதீர்கள். 2019 மே மாதம் சந்தாதாரர்களுக்கு அடோபி சொன்னது இதுதான்: கடைசி இரண்டு பெரிய பதிப்புகளை மட்டுமே இனி டவுன்லோடு செய்யலாம். சிஎஸ்6 சந்தா இல்லாமல் வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு, 2012இல் வந்தது. அதன் செட்டப்பை சிடியில் மட்டும் வைத்திருக்கிறீர்களா? நம் பக்கத்து உப்புக்காற்றில் சிடியின் மேல்பூச்சு உரிவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள், சீரியல் நம்பரை நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டரை என்றாவது ஃபார்மேட் செய்வதானால், அதற்கு முன் ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் கொடுக்க மறக்காதீர்கள்.

ஒரு கல்யாண சீசன் முழுக்கப் புதியதில் ஓடட்டும். 12க்கு 36 இஞ்ச் ஆல்பம், பாஸ்போர்ட், பேனர் எல்லாம் அதில் சரியாக வருகிறது என்று கையே பழகிய பிறகு பழையதைப் பற்றி யோசிக்கலாம். நானாக இருந்தால் அப்போதும் அழிக்க மாட்டேன்.

கேள்வி: போட்டோஷாப் 7இல் செய்த பழைய பேனர் ஃபைலைப் புது கம்ப்யூட்டரில் திறந்து திருத்தப் போனால் தமிழ் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறதே?
– தங்கச்சிமடம் வாசகி

பதில்: பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அதில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஆங்கில எழுத்துகளே வெளியே வந்து நிற்கும். பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியைக் கொண்டுவந்து போடுங்கள், பழையபடி தெரியும். அதுவரை அந்த லேயரில் கை வைக்காதீர்கள்.

புது வேலைகளை யூனிகோடில் செய்யுங்கள், ஆனால் புதிய போட்டோஷாப்பில். ஏழில் யூனிகோடு தமிழ் சரியாக அமையாது. 'கெ' அடித்தால் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும்.

இன்னொன்று, புதியதில் சேமித்த ஃபைலை ஏழில் திறந்து அதன் மேலேயே சேமிக்காதீர்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (அசல் படம் கெடாமல் உள்ளே வைத்திருக்கும் லேயர்) எல்லாம் ஏழுக்குப் பிறகு வந்தவை, அதற்கு அவை புரியாது. தனுஷ்கோடியில் 1964 புயலுக்கு முன் எடுத்த ஒரு கல்யாணப் படத்தை ஒரு குடும்பத்துக்காக லேயர் லேயராகச் சரிசெய்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் வலது கண் பக்கம் காகிதமே அரித்துப் போயிருந்தது, அதை மீட்க மட்டும் மூன்று நாள். அந்த மாதிரி ஃபைல் உங்களிடமும் இருக்கும். நகல் எடுத்து, நகலை மட்டும் திறங்கள்.

கேள்வி: புது கேமராவின் ரா ஃபைல் சிஎஸ்6இல் திறக்கவில்லை. இதற்காகவே சந்தா கட்ட வேண்டுமா?
– தொண்டி வாசகர்

பதில்: வேண்டாம். ரா என்பது கேமரா பதித்தபடியே இருக்கும் அசல் படம். அதைத் திறக்கும் கேமரா ரா என்ற பகுதி சிஎஸ்6க்கு 9.1.1 பதிப்போடு நின்றுவிட்டது, அதற்குப் பின் வந்த கேமராக்களை அதற்குத் தெரியாது. ரா ஃபைலை டிஎன்ஜி என்ற அடோபியின் பொது ரா வடிவத்துக்கு மாற்றும் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம். அதில் போட்டு டிஎன்ஜியாக மாற்றினால் சிஎஸ்6இல் திறக்கலாம், மாற்றும்போது கம்பேட்டிபிலிட்டியில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அசல் ரா ஃபைலையும் வைத்துக்கொள்ளுங்கள்.