முதலீட்டு விகிதம்: 31-ஆ, 34-ஆ?

கேள்வி: ஒரே நாடு, ஒரே ஆண்டு. முதலீடு ஜிடிபியில் 31 சதவீதம் என்கிறது ஓர் அறிக்கை. 34 என்கிறது இன்னொன்று. என் நிதி ஆலோசகர் 34-ஐக் காட்டி, "நாடே முதலீடு செய்கிறது, நீங்களும் பங்குத் திட்டத்தில் சேருங்கள்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம். ஆலோசகர் போடும் முடிச்சுதான் தப்பு.

சிறிய எண் பெரும்பாலும் நிலையான மூலதன உருவாக்கம்: புதுக் கட்டடம், இயந்திரம், சாலை, மென்பொருள். இதோடு கிடங்கில் கூடிய சரக்கையும், சேமிப்பாக வாங்கிய தங்கம் போன்றவற்றையும் சேர்த்தால் பெரிய எண். சரக்கு விலைபோகாமல் தேங்கினாலும் அது ஏறும். அதைக் கொண்டாட என்ன இருக்கிறது?

பங்கு வாங்குவது இந்தக் கணக்கிலேயே வராது. உங்கள் பணம் விற்றவர் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். புது இயந்திரம் எதுவும் முளைக்கவில்லை. ஒரே சொல்லை இரண்டு பொருளில் சொல்லிக் கமிஷன் பார்ப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

வீட்டுக்கும் இதே கதைதான், ஆனால் ஒரு வேடிக்கையோடு. புது வீடு கட்டினால் அது முதலீடு. பழைய வீட்டை 100-க்கு வாங்கினால், நாட்டுக் கணக்கில் அந்த 100 சேராது. வாங்கியவருக்குக் கூட்டல், விற்றவருக்குக் கழித்தல். ஆனால் தரகருக்கு 2 கொடுத்தீர்களா? அந்த 2 மட்டும் முதலீடு! சொத்தைக் கைமாற்றும் செலவு புதிதாகச் செய்த சேவை என்பது விதி. வீடு சேராது, தரகர் சேருவார். விளையாட்டில்லை, உண்மையாகவே அப்படித்தான்.

அப்புறம், பழைய அட்டவணையையும் புதியதையும் ஒட்டிப் பார்க்காதீர்கள். 2008 தேசியக் கணக்கு முறை (ஜிடிபி கணக்கிட நாடுகள் பின்பற்றும் சர்வதேச விதித்தொகுப்பு) ஆராய்ச்சிச் செலவையும் ஆயுத அமைப்புகளையும் முதலீட்டில் சேர்த்தது. நாடுகள் ஆளுக்கொரு ஆண்டில் அதற்கு மாறின. இதையெல்லாம் எறும்பு எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டு, எண்ணை மட்டும் தலைப்பில் போடுகிறார்கள். பிறகு அந்த எண்ணையும் இரண்டு மூன்று முறை திருத்துவார்கள். திருத்தம் யார் கண்ணில் படுகிறது?

விகிதம் பார்க்க நடப்பு விலைக் கணக்கையே, அதாவது அந்தந்த ஆண்டின் விலையில் போட்டதையே, எடுங்கள். மேலே இருப்பதில் சரக்கு சேர்ந்திருக்கிறதா, கீழே வகுத்தது ஜிடிபியாலா அல்லது வரி சேராத மதிப்புக்கூட்டலாலா (உற்பத்தியில் புதிதாகச் சேர்ந்த மதிப்பு) என்று பாருங்கள். பின்னதால் வகுத்தால் விகிதம் பொதுவாகக் கூடித் தெரியும். உங்கள் ஆலோசகரிடமும் இதையே கேட்டுப் பாருங்கள்.