நடுச்சுவரில் இருந்து தொடங்குங்கள்

பட்டறை பதில்கள்

கேள்வி: நான் கார், பைக் பழுது பார்க்கிறேன். இதுவரை வாடகை ஷெட்டில்தான் தொழில். இப்போது சொந்த இடத்தில் பட்டறையும் அதை ஒட்டியே வீடும் கட்டப்போகிறேன். முன்னால் இரண்டு கார் நிற்கும் பட்டறை, பின்னால் கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. மனைவி, நான்கு வயது மகள், நான் என மூன்று பேர். படுக்கையறையில் இருந்து நேராகப் பட்டறைக்குள் ஒரு கதவு வைத்தால், இரவில் ஏதாவது சத்தம் கேட்டால் உடனே போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். காருக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்டுவதா, காரைத் தூக்கும் லிஃப்ட் போடுவதா என்பதிலும் குழப்பம். என்னென்ன கவனிக்க வேண்டும் ஐயா?

பதில்: தம்பி, அந்தப் படுக்கையறைக் கதவை முதலில் வரைபடத்தில் இருந்து அழித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பட்டறையை ஒட்டிய அறையில் 22 வருடம் குடும்பம் நடத்தியவன் நான். எங்களுக்கும் இப்படி ஒரு கதவு இருந்தது. கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஒரு மழை இரவில், ஐடிலிங் சரியில்லாத வேன் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தேன். இருபது நிமிடம் ஓடியிருக்கும். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகன் தலை வலிக்கிறது என்று எழுந்து வந்து வாந்தி எடுத்தான். சாப்பிட்டது சேரவில்லை என்றுதான் நினைத்தோம். வாசலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்ததும் தெளிந்துவிட்டான். மறுநாள் இரவு அதே வேன், அதே வேலை. மறுபடி அதே தலைவலி, இந்த முறை என் மனைவிக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேனை அணைத்து, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தபோது என் கை நடுங்கியதை இன்றைக்கும் மறக்கவில்லை.

என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு அதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. அதனால்தான் பட்டறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நேர்க்கதவு கூடாது என்கிறேன். பல நாடுகளில் கட்டட விதியே அதைத் தடுக்கிறது.

சரி, இப்போது சுவருக்கு வருவோம். உங்கள் கட்டடத்தில் மற்ற எதையும்விட முக்கியம், பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் அந்த ஒரு சுவர்தான். அதை அடித்தளத்தில் இருந்து கூரையின் அடிப்பக்கம் வரை ஒரே மூச்சாக எழுப்பச் சொல்லுங்கள். ஷீட் கூரை போடும் இடங்களில் கொத்தனார் சட்டத்தின் மட்டத்தோடு சுவரை நிறுத்திவிடுவார். மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டதும் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். புகை, சத்தம், தீ மூன்றும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். ஷீட்டின் வளைவுகளுக்குள்ளும் தீ தாங்கும் பொருளை வைத்து அடைக்க வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. சுவரின் இரண்டு பக்கமும் சுவிட்ச் பெட்டிகளை ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக வைக்காதீர்கள். வயரும் குழாயும் போகும் ஓட்டைகளைச் சுற்றிப் பூசி அடைத்துவிட்டார்களா என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அடிக்கும் வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தால் அங்கே வேலை முடியவில்லை.

உள்வழி வேண்டும் என்றால் நடுவில் நாலடிக்கு ஐந்தடி சிறிய அறை ஒன்று விடுங்கள். அதற்கு இரண்டு கதவு, ஒன்று பட்டறைப் பக்கம், ஒன்று கூடத்துப் பக்கம். பட்டறைப் பக்கத்துக் கதவு கனமான கட்டைக் கதவாக இருக்கட்டும். தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங், சுற்றிலும் ரப்பர் பட்டை. அந்த அறையில் கை கழுவ ஒரு தொட்டி, பட்டறை உடுப்பு மாட்ட நாலு கொக்கி. கிரீஸ் படிந்த சட்டையோடு குழந்தையைத் தூக்குவது அங்கேயே நின்றுபோகும். இரவில் சத்தம் கேட்டால் பார்ப்பதற்கு, படுக்கைக்குப் பக்கத்தில் திரை வைத்த கேமரா ஒன்று போதும்.

தரை மட்டத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தண்ணீர் மாதிரி தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். உறைபனிக்கும் கீழான குளிரில்கூட பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். அதனால் பட்டறைத் தளம் வீட்டுத் தளத்தைவிட நான்கு அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். பிளக், சார்ஜர், தண்ணீர் சூடாக்கும் கருவி என்று பொறி வரக்கூடிய எதுவும் தரையில் இருந்து பதினெட்டு அங்குலத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் செய்யும்போது வரும் ஹைட்ரஜன் இதற்கு நேர் எதிர், அது மேலே போய்க் கூரையில் தங்கும். ஆகவே காற்று போகும் வழி கீழேயும் வேண்டும், மேலேயும் வேண்டும்.

குழியா லிஃப்டா என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே வந்துவிட்டது. குழி என்பது பெட்ரோல் ஆவிக்கு நாமே வெட்டிக்கொடுக்கும் பள்ளம். அதற்குள் நின்றுகொண்டு டேங்க் கழற்றுகிறோம், பல்பு பிடிக்கிறோம். வீடு ஒட்டியிருக்கும் இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. லிஃப்ட் போடுங்கள்.

இரண்டு தூண் லிஃப்டுக்குக் கூரை பன்னிரண்டு அடி உயரம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். எந்த மாடல் என்பதைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். தளத்தின் கனமும் கான்கிரீட்டின் பலமும் எவ்வளவு வேண்டும் என்று அதன் கையேட்டில் இருக்கும். பல லிஃப்டுகள் குறைந்தது நான்கு அங்குலம் கேட்கும். நான் தூண் நிற்கும் இடத்தில் ஆறு அங்குலம் போட்டேன். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆன பிறகுதான் போல்ட் அடித்தேன். அந்த இடத்தை மட்டம் பார்த்துப் போட்டுவிட்டு, மீதித் தளத்துக்கு ஷட்டரை நோக்கி அடிக்கு கால் அங்குலம் வாட்டம் கொடுங்கள். இருபது அடி நீளத்துக்கு ஐந்து அங்குலம் வரும். கழுவிய தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பாது. அதை நேராகச் சாக்கடையில் விடாமல் ஆயில் பிரிக்கும் தொட்டி வழியாக விடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு காருக்குப் பன்னிரண்டு அடி அகலம், இருபத்திரண்டு அடி நீளம் வைத்துக்கொள்ளுங்கள். காரின் இரண்டு பக்கக் கதவையும் திறந்துவைத்துச் சுற்றி நடந்து பார்த்தால் ஏன் என்று தெரியும்.

கம்ப்ரஸரை வீட்டுக்கு எதிர்ப்பக்கம், வெளியே காற்றோட்டமான சின்னக் கூண்டில் ரப்பர் பாதத்தின் மேல் வையுங்கள். காற்றுக் குழாயை நடுச்சுவரில் கிளிப் அடித்து மாட்டவே மாட்டாதீர்கள், சுவர் முழுக்க அதிரும். பட்டறைத் தரைக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவே ஒரு பிரிவு இடைவெளி விட்டால் சுத்தியல் அதிர்வும் உள்ளே வராது. பட்டறைக்குத் தனி கரண்ட் போர்டு, வெல்டிங்குக்குத் தனி லைன். மெயின் சுவிட்ச் வீட்டுப் பக்கத்தில் இருந்தும் கைக்கு எட்டட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். படுக்கையறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம், கூடத்தில் புகை அலாரம். பட்டறைக்குள் புகை அலாரம் வைத்தால் தினமும் கத்தும், நீங்களே கழற்றி வைத்துவிடுவீர்கள். அங்கே வெப்பத்தை உணரும் அலாரம் போடுங்கள். அடுத்து, படுக்கையறையில் இருந்து நேராக வெளியே போக ஒரு வழி கட்டாயம் வேண்டும். ஜன்னலாக இருந்தால் கம்பி உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும். உங்கள் மனைவி இருட்டில், சாவி தேடாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு குடிபோங்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு கட்டட அனுமதி தரும் அலுவலகத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். தொழிலும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சில இடங்களில் தனி விதி இருக்கும்.

கேள்வி: கீழே கணவரின் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை, மேலே நாங்கள். படி உள்ளேயே இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டும் தின்னர் வாசனை மேலே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உள்படி என்பது புகைபோக்கி மாதிரி. கீழே உள்ளதை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். முடிந்தால் படியை வெளியே மாற்றுங்கள். முடியாவிட்டால் அடியிலும் தலைப்பிலும் இறுக்கமான கதவு போட்டுப் படியை முழுதாக அடைத்துவிடுங்கள்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு டப்பா பெயின்ட் என்றால் இன்னும் கவனம். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஆஸ்துமாவையே உண்டாக்கும். தூசி மாஸ்க் அதற்குத் தடுப்பாகாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடியும், பெயின்ட் அடிப்பதற்கென்றே அடைத்த தனி அறையான பூத்தும் இல்லாமல், மேலே ஆள் இருக்கும் கட்டடத்தில் அந்த வேலையே வேண்டாம். அதை மட்டும் பூத் உள்ள இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். லின்சீட் ஆயில் மாதிரி காயும் எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போடுவதும் ஆபத்து. யாரும் பற்றவைக்காமலே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கைவசம் உள்ளது பாதிக்குத்தான் வரும். பட்டறையை முதலில் கட்டித் தொழில் தொடங்கிவிட்டு, வீடு முடியும் வரை அதன் ஒரு மூலையிலேயே தங்கலாமா?

பதில்: பட்டறையை முதலில் கட்டுங்கள், சரி. தங்க வேண்டாம். பிளைவுட் தடுப்பு புகையை நிறுத்தாது. இரண்டு பகுதிக்கும் அடித்தளத்தை ஒரே தடவையில் போட்டு, நடுச்சுவரையும் இப்போதே கூரை வரை எழுப்பிவிடுங்கள். வாசலுக்கு நிலை மட்டும் வைத்து, இடைவெளியைச் செங்கல் அடுக்கி மூடிப் பூசி வையுங்கள். வீடு முடிகிற அன்று அதை உடைத்தால் போதும்.